கப்பலுக்குப் பூசின வெள்ளை

என்ர மனுசனுக்குக் குடி இல்லை, சூது இல்லை, வெளிப்பழக்கம் ஒண்டும் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னைக் கட்டிக் குடுத்தவை. இப்பிடியும் ஒரு பழக்கம் இருக்கெண்டு ஒருத்தரும் மூச்சு விடேல்லை. குடிகாரனெண்டாலும் வெறி முறிஞ்ச பிறகு மனுசனாய் இருப்பான். இவருக்கு எந்த நேரமும் கையில ஒரு முள்முருக்கந் துண்டும் பேனாக்கத்தியும். லொறி, பஸ், ரெயில் எஞ்சின் எண்டு கைக்குள்ள அடங்கிற அளவில செதுக்குவார். கதவுக்குக் கைபிடி, சில்லை இறுக்கப் பூட்டாணி, எல்லாம் கணக்காய் இருக்கும். அதோட நிண்டிருந்தால் நான் ஏன் வாய் திறக்கப்போறன். மரம் செதுக்கினால் மணக்காது. செதுக்கினதுக்குப் பெயின்ற் அடிக்க வெளிக்கிட்டாரே, அதிலதான் என்ர சீவியம் நாறிப்போச்சு.

ஐம்பதுகளின்ர கடைசிப் பக்கம் அது. யாழ்ப்பாணத்தில எங்களுக்குக் கிடந்த காணித்துண்டு ஒரு மாட்டைக் கட்டவும் காணாது. நெடுங்கேணிப் பக்கம் குளத்துக்குக் கீழ காடு வெட்டிக் காணி குடுக்கினமெண்டு கேள்விப்பட்டு வந்து சேர்ந்தம். முதல் போகங்களில இவருக்குத் தலை சொறியவும் நேரமில்லை. நாலு மூட்டை நெல் வீட்டுக்குள்ள வந்து, கொஞ்சம் மூச்சு விட்டவுடன பழைய விசர் திரும்பக் கிளம்பிச்சுது. இந்தச் சின்னச் சாமானுகளுக்கெண்டே கொழும்பில சிமிழ் சிமிழாய்ப் பெயின்ற் விக்கிறதாம். எங்கட பக்கம் அதுக்கு எங்க போறது? கதவுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்றை வாங்கி ஒரு பஸ்ஸுக்கு அடிச்சுப் பார்த்தார். அது தடிச்சுப்போய் யன்னல், சில்லு, கைபிடி எல்லாத்தையும் மூடி, பஸ் பூஞ்சணம் பிடிச்ச பாண்துண்டு மாதிரி வந்து நிண்டுது. "உது சரிவராது. நானே கூட்டி எடுக்கிறன்" எண்டார். சரி, கூட்டட்டும் எண்டு நானும் விட்டன். என்னத்தைக் கூட்டப்போறார் எண்டு எனக்கு ஆர் சொன்னது?

நிறத்தில பெரிய கரைச்சல் இல்லை. றோட்டில கொட்டுற கிரவல் மண்ணை இடிச்சுச் சீலையில அரிச்சால் ஒரு சிவப்பு. லாம்புச் சிமினியில பிடிக்கிற கரி கறுப்பு. உடுப்புக்குப் போடுற நீலம் நீலமாச்சு, வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பு வெள்ளையாச்சு. மஞ்சள் நிறம் வேணுமெண்டு ஒருநாள் என்ர அரைச்ச மஞ்சளை எடுத்துச் சுண்ணாம்புக்குள்ள கலந்துபோட்டு, அது இரத்தச் சிவப்பாய் மாறினவுடன பேயைக் கண்டவர் மாதிரி என்னைக் கூப்பிட்டார். "கலியாணத்துக்கு ஆலாத்தி எடுக்கேக்க எங்க பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?" எண்டு கேட்டன். மனுசன் அதையும் ஒரு கண்டுபிடிப்பாய் நினைச்சுச் சந்தோசப்பட்டார்.

கரைச்சல் வந்தது நிறத்தை மரத்தோட ஒட்டவைக்கிற சாமானில. வெறும் பொடியைத் தண்ணியில குழைச்சுப் பூசினால் காய்ஞ்சவுடன கையோட வந்திடும். முதல் கஞ்சித் தண்ணியில குழைச்சார். கரப்பொத்தான் பூச்சி வந்து ஒரு இரவில ரெயில் எஞ்சினை நக்கித் துடைச்சுப் போட்டுது. பிறகு பாலும் சுண்ணாம்பும். பாலைப் புளிக்கவைச்சு, திரைஞ்ச கட்டியை மட்டும் எடுத்துச் சுண்ணாம்போட அரைச்சால் மரத்தில கல்லு மாதிரிப் பிடிக்குமெண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். நல்ல பால், எங்கட பசுவின்ர பால். அதைச் சட்டியில ஊத்தி நெல்லு மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வைச்சிட்டு, வயல் வேலையில மறந்துபோனார். மணத்தைப் பிடிச்சுக்கொண்டு நான் தேடிப்போய் மூடியைத் திறந்தால், உள்ளுக்குள்ள வெள்ளை வெள்ளையாய்ப் புழு நெளியுது. மூடியைப் போட்டிட்டு முத்தத்துக்கு ஓடினன். இவர் வந்து எட்டிப் பார்த்திட்டு, "அடியில உள்ளது பாவிக்கலாம்" எண்டார். அருவருப்பு எண்ட ஒண்டைக் கடவுள் இந்த மனுசனுக்கு வைக்க மறந்திட்டார் எண்டு எனக்கு அப்பத்தான் விளங்கினது.

அதுக்குப் பிறகு முட்டை. எங்கட வீடு சைவம். நான் பிறந்த வீட்டிலயும் சைவம், வந்த வீட்டிலயும் சைவம். இவர் வெளியில எங்கயாவது மச்சமாமிசம் தின்பார், எனக்குத் தெரியும். ஆனால் எங்கட வேலிப் படலைக்குள்ள அது வராது. இவர் என்னெண்டால் என்ர அம்மிக்குப் பக்கத்தில குந்தியிருந்து முட்டையை உடைச்சு வெள்ளைக்கருவை அடிக்கிறார். கேட்டால், "திங்கவே போறன்? பூசத்தானே போறன்" எண்டு ஒரு நியாயம். அந்த அம்மியை நான் மூண்டு தரம் கழுவினன்.

முட்டையும் சரிவரேல்லை, காய்ஞ்சு வெடிச்சுது. அப்பத்தான் ஒரு தச்சனார் இவருக்கு அந்தக் கோதாரி விழுந்த புத்தியைச் சொல்லிக் குடுத்தது. மாட்டுத்தோலை அவிச்சு எடுக்கிற பசைதான் பசையாம். அதைச் சூட்டோட பொடியில குழைச்சு மெல்லிசாய்ப் பூசினால் எலும்பு மாதிரி வழுவழுப்பாய் வருமாம். இவர் எங்கயோ போய் ஒரு கடுதாசியில தோல் துண்டுகளைச் சுத்திக்கொண்டு வந்து, நான் கிணத்தடியில நிண்ட நேரம் பார்த்து என்ர பருப்புச் சட்டியில போட்டு அடுப்பில ஏத்திவிட்டார்.

கிணத்தடிக்கே மணம் வந்தது. செத்த எலியையும் எரிஞ்ச மயிரையும் சேர்த்துக் காய்ச்சின மாதிரி ஒரு நாத்தம். ஓடிவந்து பார்த்தால் சட்டியில நுரை தள்ளுது. நுரைக்குள்ள மயிரோட ஒரு துண்டு சுழண்டு சுழண்டு வருது. அண்டைக்கு வெள்ளிக்கிழமை வேற. நான் அதில நிண்டபடியே சத்தியெடுத்தன். பிறகு வாயைக் கழுவிப்போட்டு வந்து, சட்டியைப் பசையோட தூக்கி வேலிக்கு வெளியில எறிஞ்சன். மனுசனுக்கு முகம் செத்துப்போச்சு. அதுக்குள்ள அவர் மேலால கொஞ்சம் கோலி எடுத்து ஒரு லொறிக்குப் பூசி முடிச்சிருந்தார். அடுத்தநாள் காலமை பார்த்தால் எங்கட நாய் அந்த லொறியின்ர முன்பக்கத்தைச் சப்பித் திண்டுபோட்டு வாசலில படுத்திருக்குது. நல்லாய்த் திண்டாய் எண்டு அதுக்கு ஒரு பிடி சோறு கூடவாய் வைச்சன்.

அண்டைக்கு இரவு நான் ஒரே பேச்சாய்ச் சொல்லிப்போட்டன். "இஞ்சேருங்கோ, மாட்டுத்தோல் இனிமேல் இந்தப் படலையைத் தாண்டி உள்ளுக்கு வரப்படாது. வந்தால் நான் அம்மா வீட்டை போயிடுவன்." இவர் தலையாட்டினார். சொல்வழி கேட்கிற மனுசன்தான், அதுதான் கூடின ஆபத்து. சொன்ன சொல்லை மட்டும் கேட்பார், அதின்ர கருத்தைக் கேட்க மாட்டார்.

ரெண்டு கிழமை போயிருக்கும். பக்கத்துக் காணிக்காரர் தன்ர நெல்லைக் கிளறின காட்டுப்பண்டி ஒண்டை வெடிவைச்சு விழுத்தினார். இறைச்சியை ஆக்கள் பங்குபோட்டுக் கொண்டு போச்சினம். தோல் மிச்சம். எங்கட ஆள் பல்லெல்லாம் தெரிய அதைச் சுருட்டிக்கொண்டு வந்து வேலியடியில நிண்டு, "இது மாடில்லை, பண்டி" எண்டார். என்னவோ எனக்குப் பெரிய உபகாரம் செய்த மாதிரி. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. குசினிக்குக் கிட்டவும் கொண்டுவரப்படாதெண்டு துரத்திவிட்டன். வேலிக்கு அங்கால ஒரு பாலைமரம். அதுக்குக் கீழ மூண்டு கல்லு வைச்சு, ஒரு பழைய தகரப்பேணியில தோலை நாட்கணக்காய்ச் சுண்ணாம்புத் தண்ணியில ஊறவைச்சு, மயிர் வழிச்சு, அவிச்சு, சீலையில வடிச்சார். ஈயும் இலையானும் மொய்ச்சு மரமே இரைஞ்சுகொண்டு நிண்டுது. காத்து எங்கட பக்கம் திரும்பினால் நான் சோத்துக் கோப்பையை மூடிப்போட்டு எழும்பிடுவன். தூரிகை வேணுமெண்டு பண்டியின்ர முதுகு மயிரையே கட்டி வைச்சிருந்தார். வயலால வந்து, பின்னேரங்களில அந்த நாத்தத்துக்குள்ள சப்பாணி கட்டி இருந்து, பசையைச் சூடாக்கிச் சூடாக்கிச் சுண்ணாம்பு குழைச்சுப் பூசுவார். வீட்டுக்குள்ள வரமுன்னம் கிணத்தில குளிச்சிட்டுத்தான் வரவேணும். அதுவும் என்ர சட்டம்.

அப்பிடிப் பூசினதுதான் அந்தக் கப்பல். முழங்கை நீளம். புகைக்குழாய் கறுப்பு, அடிப்பக்கம் கிரவல் சிவப்பு, மிச்சமெல்லாம் வெள்ளை. பொய் சொல்லப்படாது, வடிவான வெள்ளை. சங்கைத் தேய்ச்ச மாதிரி ஒரு மினுக்கம். நான் அதைத் தொடேல்லை, ஆனால் தூரத்தில நிண்டு பார்த்தன்.

நெடுங்கேணிச் சந்தியில ஒரு முஸ்லிம் மனுசர் கடை வைச்சிருந்தவர், நாங்கள் நானா எண்டுதான் கூப்பிடுவம். முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். துணி, மண்ணெண்ணெய், சீனி எல்லாம் அங்கதான். நாங்கள் காட்டுக்குள்ள வந்து இறங்கின புதுசில, எனக்குக் காய்ச்சல் கண்டு கிடந்த நேரம், தன்ர வண்டில்ல ஏத்திப் புளியங்குளத்துக்குக் கொண்டுபோய் ரெயிலேத்தி விட்டது அந்த மனுசன்தான். என்னைத் தங்கச்சி எண்டு கூப்பிடுவார். அந்த முறை அவர் மக்கத்துக்குப் போக ஆயத்தமானார். அந்த நாளில கப்பல் பயணம். வருசக்கணக்காய் நினைச்சு நினைச்சு இருந்து, ஒருமாதிரிச் சரிவந்த பயணம். ஊரெல்லாம் அதே கதை.

நான் நானாவின்ர பெண்சாதி ராத்தாவைப் பார்த்துப் பயணம் விசாரிச்சுக்கொண்டு வருவமெண்டு போனன். ராத்தா என்னைக் கையில பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனா. அறைக்குள்ள ஒரு அலுமாரி. அதுக்கு மேல பச்சைச் சீலையில சுத்தி வைச்ச அவையின்ர வேதப்புத்தகம். அதுக்குப் பக்கத்தில, சாண் இடைவெளியும் இல்லை, இந்தக் கப்பல் நிக்குது.

"உங்கட அவர் கொண்டுவந்து தந்தவர். நானா இதில ஏறிப் போறாரெண்டு நான் நினைச்சுக்கொண்டு இருக்கலாமாம்" எண்டு சொல்லிப்போட்டு, ராத்தா அதைத் தன்ர முந்தானையால துடைச்சா. பள்ளிவாசலால வந்த ஆக்கள் எல்லாரும் கையில வாங்கி வாங்கிப் பார்த்தவையாம். மனுசன் எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் கொண்டுபோய்க் குடுத்திருக்கிறார். ராத்தா தந்த சர்பத்தைக் குடிச்சனோ விட்டனோ தெரியாது, வந்த வழியும் தெரியாது.

வீட்டை வந்து இவரைப் பிடிச்சன். "அது என்னத்தால பூசினதெண்டு ஞாபகம் இருக்கோ?"

இவர் முதல் முழிச்சார். பிறகு அவரின்ர முகத்திலயிருந்து மெல்ல மெல்ல இரத்தம் இறங்கினதை நான் கண்ணால பார்த்தன். மாடு கூடாதெண்டு நான் சொன்னது ஒண்டுதான் மனுசன்ர மண்டைக்குள்ள இருந்தது. மாடில்லாதது ஆருக்கும் குடுக்கலாமெண்டு நினைச்சிட்டார். ஆருக்குக் குடுக்கிறம், அவையின்ர கூடாதது என்னெண்டு யோசிக்க அதுக்குள்ள இடம் இருக்கேல்லை.

"அது காய்ஞ்சிட்டுதே. மேல குங்கிலியமும் பூசியிருக்கு. ஆருக்குத் தெரியப்போகுது" எண்டார், சத்தமே வராமல்.

"உங்கட பிரசாதத்துக்குள்ள மாட்டு நெய்யெண்டு சொல்லி மாட்டுக் கொழுப்பை ஊத்திப்போட்டு, காய்ஞ்சிட்டுதெண்டால் தின்பியளோ?"

நான் விடேல்லை. அந்த மனுசன் இந்தப் பயணத்துக்காக ஒவ்வொரு சாமானையும் கழுவித் துடைச்சுத் தன்னைச் சுத்தமாக்கிக்கொண்டு நிக்கிறார். இவர் கொண்டுபோய் அவரின்ர வேதத்துக்குப் பக்கத்தில பண்டியை வைச்சிருக்கிறார். எனக்கு இவரைப் பார்க்கவே அரியண்டமாய் இருந்தது. புழுச் சட்டியைப் பார்த்த நேரமும் அவ்வளவு வரேல்லை. "அவர் கப்பலேற முன்னம் நீங்கள் சொல்லவேணும். நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்" எண்டன். நாளைக்கு, நாளைக்கு எண்டு இவர் வயலுக்கு ஓடினார்.

மக்கத்துக்குப் போறவை போக முன்னம் தெரிஞ்ச ஆக்களின்ர வீடு வீடாய்ப் போய், நான் ஏதும் பிழை செய்திருந்தால் மாப்புச் செய்யுங்கோ எண்டு கேட்கிறது அவையின்ர வழக்கம். கணக்கு எல்லாத்தையும் தீர்த்துப்போட்டுத்தான் போகவேணுமாம். இவர் நாளைக்கெண்டு தள்ளிக்கொண்டு திரிய, நானா தானே எங்கட படலையைத் திறந்துகொண்டு வந்து நிண்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. முகமெல்லாம் ஒரு வெளிச்சம். முத்தத்தில கதிரை போட்டு இருத்தினம். நான் குசினிக்குள்ள போய்ப் பால்தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்தன். எங்கட குடியேற்றக் கொலனியில மற்ற வீடுகளில நானா பச்சைத்தண்ணியும் வாங்கமாட்டார், என்ன சட்டியில என்ன காய்ச்சினவையோ எண்டு பயம். எங்கட வீட்டில மட்டும், "இது சைவக் குசினி, எனக்கு யோசனை இல்லை" எண்டு கேட்டு வாங்கிக் குடிப்பார். அண்டைக்கும் கோப்பையை ரெண்டு கையாலயும் வாங்கி மடியில வைச்சுக்கொண்டார்.

"தம்பி, தங்கச்சி, உங்களோட யாவாரம் பண்ணின இத்தனை காலத்தில அளவில நிறுவையில பிழை வந்திருக்கும். ஒரு கடுஞ்சொல்லு சொல்லியிருப்பன். எல்லாத்தையும் பொருந்திக்கொள்ளுங்கோ" எண்டார். சொல்லேக்க அவரின்ர கண் கலங்கிச்சுது.

நான் இவரைப் பார்த்தன். இவர் நிலத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்க ஆயத்தம். அதுக்குள்ள இவரே சொல்லத் தொடங்கினார். ஆனால் சொன்ன விதம் இருக்கே, நான் அந்த இடத்திலயே செத்திருக்கலாம். "நானா, அந்தக் கப்பல்... பக்கத்துக் காணியில பண்டி ஒண்டு விழுந்தது. அதின்ர தோல். சுண்ணாம்புத் தண்ணியில ஊறவைச்சு மயிர் வழிக்கவேணும். பிறகு மெல்லிய நெருப்பில அவிச்சு, சீலையில வடிச்சு, சூடாய் இருக்கேக்க வெள்ளையைக் குழைச்சு..." மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், மனுசன் செய்முறை ஒப்புவிக்கிறார். நிப்பாட்டவும் தெரியேல்லை. தூரிகை எந்த மயிரெண்டும் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் நானா கதிரையில கொஞ்சம் கொஞ்சமாய்ப் பின்னுக்குச் சாய்ஞ்சார்.

முடிஞ்ச பிறகு நானா தன்ர கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டையில துடைக்கப் போய், துடைக்காமல் நிப்பாட்டினார்.

"தெரிஞ்சு செய்தனியோ தம்பி?"

"அல்லா அறிய, இல்லை நானா." இவருக்கு அந்த நேரத்தில அப்பிடித்தான் சத்தியம் வந்தது.

"எங்களுக்கு அது மண் போட்டு, ஏழு தரம் கழுவவேண்டிய சாமான். அலுமாரி கழுவவேணும். அவா உடுத்த சீலை கழுவவேணும். தூக்கிப் பார்த்த ஆக்களுக்கும் சொல்லி அனுப்பவேணும்." நானா கோபமாய்ச் சொல்லேல்லை. கடைச்சாமான் நினைவுபடுத்திற மாதிரி, கண்ணை எங்கயோ வைச்சுக்கொண்டு சொன்னார். பிறகு எழும்பினார். "சொன்னது நல்லம். சொல்லாமல் விட்டிருந்தால் நான் அதோட போயிருப்பன். நான் பொருந்திக்கொண்டன் தம்பி. மனசார. நீங்களும் என்னைப் பொருந்திக்கொள்ளுங்கோ."

சொல்லிப்போட்டுக் கையிலயிருந்த கோப்பையைக் குனிஞ்சு கதிரைக்குக் கீழ மெதுவாய் வைச்சார். "வயிறு கொஞ்சம் சரியில்லை தங்கச்சி" எண்டார். என்ர முகத்தைப் பார்க்கேல்லை.

அந்தப் பேணி என்ர குசினிக்குள்ள வந்ததே இல்லை நானா, பாலைமரத்தடியில வைச்சுத்தான் அவிச்சது, அவரைக் குளிக்கவைச்சுத்தான் வீட்டுக்குள்ள விட்டனான். எல்லாம் வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் அந்த மனுசன் எனக்காகக் குடிக்கவேண்டி வந்திடும். நான் வாயை மூடிக்கொண்டு நிண்டன். அவர் படலையைச் சாத்திப்போட்டு, கையை உடம்பில படாமல் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சபடி வாய்க்கால் பக்கம் நடந்து போனார்.

இவர் நீளமாய் ஒரு மூச்சு விட்டார். ஒரு கிழமையாய்ச் சுமந்த மூட்டை இறங்கின மாதிரித் தோளை ஆட்டினார். "பாத்தீரோ? நானா பொருந்திக்கொண்டிட்டார். நீர் சும்மா பயந்தீர்" எண்டார்.

நான் குனிஞ்சு கதிரைக்குக் கீழயிருந்து கோப்பையை எடுத்து இவருக்கு முன்னால வைச்சன். விளிம்பு வரைக்கும் தேத்தண்ணி இருந்தது. மேல ஆடை படிஞ்சு சுருங்கிக் கிடந்தது.

"நானெண்டாலும் குடிச்சிருக்க மாட்டன்" எண்டன்.